லவெண்டரும் இழைய வளர்ப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

மனித வரலாறு என்பது அரசர்களதும் போர்களதும் வரலாறு மட்டுமன்று என்பதை இன்று வரலாற்று மாணவர் யாவரும் ஏற்றுக்கொள்வர். மண்ணும் மழையும், விதையும் விளைச்சலும், அவற்றை நம்பி வாழ்ந்த மக்களது உழைப்பும் வரலாற்றின் உறுப்புகளே. ஒரு செடியின் வரலாற்றை ஆராயப் புகுவோர், அதனைப் பயிரிட்டோர், விற்றோர், வாங்கினோர், ஆராய்ந்தோர் ஆகிய அனைவரதும் வரலாற்றைச் சந்திக்க நேர்கின்றது. விஞ்ஞானத்தின் வரலாறு விஞ்ஞான பீடத்தினர்க்கு மட்டுமே உரியதென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. ஆய்வுகூடத்தில் எழும் வினாக்களுட் பல ஆய்வுகூடத்திற்கு வெளியே, வயல்களிலும் சந்தைகளிலும் தோன்றியவையேயாகும்.

லவெண்டர் என்ற பெயரை நம்மவருட் பலர் சவர்க்காரத்தினதும் வாசனைத் தைலத்தினதும் பெயராகவே அறிவர். தாவரவியலார் அதனைத் துளசியும் கற்பூரவள்ளியும் புதினாவும் அடங்கிய குடும்பத்தில் வைத்து எண்ணுவர். மலைச்சரிவில் வரட்சியையும் பனியையும் தாங்கித் தானாக வளர்ந்த இச்செடி, இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குடுவைக்குள் வந்து சேர்ந்தது. அங்கே அதற்கு வேண்டிய நீரும் உப்பும் வெல்லமும் அளந்து கொடுக்கப்பட்டன. பின்னர், அதே குடுவைக்குள் வரட்சியையும் உவரையும் குளிரையும் மனிதன் தானே வலிந்து புகுத்த வேண்டியவனானான். இவ்வாறு நேர்ந்தமைக்குரிய காரணங்களை ஆராய்வதும், அவற்றிலிருந்து நாம் அறியக்கூடியது யாது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைச்சரிவும் மக்களும்

லவெண்டர் மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியைச் சூழ்ந்த மலைகளுக்கு உரியது. தென்கிழக்குப் பிரான்சிலுள்ள புரொவான்ஸ் பிரதேசத்தின் உயர்நிலங்களில், சுண்ணக்கல் நிறைந்த சரிவுகளில் அது இயற்கையாக முளைக்கும். அங்கே கோடையில் மழை அரிது. மாரியில் உறைபனி கடுமையானது. இவ்விரண்டினையும் தாங்கத்தக்கதாகவே செடியின் உடலமைப்பு உருவாகியுள்ளது. இலைகள் ஒடுங்கியவை, அவற்றின் ஓரங்கள் உட்புறமாகச் சுருண்டவை, மேற்பரப்பை நரைத்த நுண்மயிர்கள் போர்த்துள்ளன. இவை யாவும் ஆவியுயிர்ப்பினால் ஏற்படும் நீரிழப்பைக் குறைக்க உதவுவன. நறுமணத்திற்குக் காரணமான எண்ணெய், பெரும்பாலும் பூவின் புல்லிவட்டத்திற் செறிந்துள்ள மிக நுண்ணிய சுரப்பிகளிலே சேமிக்கப்படுகின்றது. சுரப்பி இல்லையேல் எண்ணெய்க்கு இருப்பிடம் இல்லை என்னும் இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் இது மீண்டும் வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மலைப் பிரதேசத்தின் கிராமங்கள் வெறுமையடையலாயின. பிழைப்புத் தேடி மக்கள் பள்ளத்தாக்குகளுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்தனர். உழுவாரின்றிக் கைவிடப்பட்ட தானிய நிலங்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் லவெண்டர் பரவியது. அதே காலத்திற் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலும் வளர்ந்துவந்தது. ஊரில் எஞ்சியிருந்த ஏழைக் குடும்பத்தினர் கோடையில் அரிவாளும் சாக்குமாக மலையேறிப் பூக்கதிர்களை அறுத்தனர். ஆண்களைப் போலவே பெண்களும் சிறுவர்களும் இவ்வேலையில் ஈடுபட்டனர். அறுத்த கதிர்கள் செப்பு வாலைகளில் இட்டு வடிக்கப்பட்டன. வறிய மக்களுக்குச் சிறிது காசைக் கையிற் கொடுத்த விளைபொருளாக லவெண்டர் எண்ணெய் விளங்கியது.

இக்காலத்துச் செடிகள் விதையினால் முளைத்தவை. எனவே ஒரு சரிவில் நின்ற ஆயிரம் செடிகளும் ஆயிரம் விதமாக இருந்தன. ஒன்று முந்திப் பூக்கும், மற்றொன்று பிந்தும். ஒன்றின் மணம் இனியது, மற்றொன்றினது கார்ப்பானது. ஒன்று வரட்சியிற் கருகினால் அருகிலுள்ள மற்றொன்று தப்பிப் பிழைக்கும். வாலைக்குள் இவை அனைத்தும் ஒன்றாகக் கலந்தே ஒரு மலையின் மணமாக வெளிவந்தன.

ஒரு செடி பல வயல்களானமை

உண்மை லவெண்டர் மலையின் உயர்ந்த பகுதிகளில் வளர்வது. அதன் இனத்தைச் சேர்ந்த, அகன்ற இலைகளையுடைய மற்றொரு வகை தாழ்ந்த சரிவுகளில் வளர்வது. இரண்டும் சந்திக்கும் இடைப்பட்ட உயரங்களில் தேனீக்களின் மகரந்தச் சேர்க்கையால் ஒரு கலப்பினம் இயற்கையாகவே தோன்றியது. இதனை லவாண்டின் என்பர். இக்கலப்பினம் தாய்வகைகளை விடப் பெரிதாக வளர்ந்தது. உண்மை லவெண்டரை விடப் பன்மடங்கு எண்ணெயும் தந்தது. அவ்வெண்ணெயிற் கற்பூரமணம் சற்று மிகுந்திருந்தமையால் உயர்தர வாசனைத் தைலத்திற்கு அது ஏற்றதாகவில்லை. எனினும் சவர்க்காரத்திற்கும் சலவைத் தூளுக்கும் அது போதுமானதாக இருந்தது.

லவாண்டினுக்கு ஒரு குறை உண்டு. அது மலடு, முளைக்கத்தக்க விதையைத் தருவதில்லை. ஆகவே நல்ல செடியொன்றைத் தெரிந்து, அதன் வெட்டுத்துண்டுகளை நட்டுப் பெருக்குவதே ஒரேயொரு வழியாயிற்று. இவ்வாறு ஒரே தாயிலிருந்து இலிங்கச் சேர்க்கையின்றிப் பெருக்கப்பட்ட செடிகளின் தொகுதியைக் குளோன் என்பர். 1930களிலே தெரிந்தெடுக்கப்பட்ட 'அப்ரியால்' என்னும் குளோன் புரொவான்ஸ் நிலங்களிற் பெரிதும் பரவியது. 1950களில் அறுவடை இயந்திரங்கள் வந்தன. இயந்திரத்திற்கு நேரான வரிசைகளும், ஒரே உயரமுள்ள செடிகளும், ஒரே வாரத்தில் மலரும் பூக்களும் தேவைப்பட்டன. குளோன் இம்மூன்றையும் ஒருங்கே தந்தது. இன்று உலகெங்கும் நாட்காட்டிகளிற் காணப்படும் ஊதா நிற வரிசைகள் இவ்வாறு தோன்றியவையே. அவற்றைப் பழைய மலைக் காட்சி எனக் கருதுவோர் உளர். உண்மையில் அவை பெரும்பாலும் இயந்திர யுகத்தின் காட்சிகளாகும்.

ஒற்றைச் செடியின் ஆற்றல் பல வயல்களின் ஆற்றலானது போலவே, ஒற்றைச் செடியின் பலவீனமும் பல வயல்களின் பலவீனமாயிற்று. 1970களில் அப்ரியால் வயல்கள் மஞ்சளித்து வாடி அழியலாயின. அதன் இடத்தைக் 'குரொசோ' என்னும் மற்றொரு குளோன் பிடித்தது. உண்மை லவெண்டரிலும் 'மையெற்' போன்ற குளோன்கள் இந்நோய்க்கு எளிதில் இரையாயின. இந்நோய்க்குக் காரணமானது செடியின் உணவுக் குழாய்களில் வாழும், கலச்சுவரற்ற மிகச் சிறிய பற்றீரியா போன்ற ஓர் உயிராகும். இதனைப் பைற்றோபிளாசுமா என்பர். இவ்வகை உயிர்கள் தாவரங்களில் இருத்தலை 1967ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் யோஜி டொயும் அவரது துணைவர்களும் முதன்முதலில் வெளிப்படுத்தினர். லவெண்டரின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒரு தத்துப்பூச்சி இதனைச் செடிக்குச் செடி காவுகின்றது. அப்பூச்சியின் இளம்பருவம் மண்ணுக்குள் வேர்களிலே கழிவதால் மருந்து தெளித்து அதனை ஒழிப்பதும் எளிதன்று. மழையற்ற கோடைகளில் நோயுற்ற செடி விரைந்து மடிகின்றது. 2003ஆம் ஆண்டு ஐரோப்பாவை வாட்டிய கடும் வெப்பத்தையும் அதனைத் தொடர்ந்த வரட்சிகளையும் அப்பிரதேசத்து விவசாயிகள் மறந்திலர்.

நோயுற்ற தாய்ச்செடியின் வெட்டுத்துண்டும் நோயுற்றதே. குளோனைக் காக்க வேண்டுமாயின் நோயற்ற ஒரு சிறு பகுதியேனும் அச்செடியில் இருத்தல் வேண்டும். அதிலிருந்து முழுச் செடியை மீட்கும் வழியும் தெரிதல் வேண்டும். அவ்வழி லவெண்டரை எண்ணிப் பாராத ஒருவரது ஆய்வுகூடத்தில், 1902ஆம் ஆண்டிலேயே, ஒரு தோல்வியின் வடிவில் தொடங்கிவிட்டது.

ஹபர்லாண்டின் தோல்வி

தாவரங்களும் விலங்குகளும் கலங்களால் ஆனவை என்ற கொள்கையை 1838, 1839ஆம் ஆண்டுகளில் சிலெய்டனும் சுவானும் நிலைநாட்டினர். கலம் உயிரின் அடிப்படை அலகாயின், அது தனித்தும் வாழவல்லதோ என்னும் வினா அதிலிருந்து இயல்பாகவே எழுகின்றது. இவ்வினாவைச் சோதனைக்கு உட்படுத்தியவர் ஒஸ்திரியாவின் கிராற்ஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த கொற்லீப் ஹபர்லாண்ட் ஆவார். தாவரத்திலிருந்து பிரித்தெடுத்த கலங்களை உப்பும் வெல்லமும் கலந்த கரைசலில் இட்டு வளர்க்க அவர் முயன்றார். 1902இல் வியன்னா விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் தம் முடிவுகளை வெளியிட்டார்.

அவர் பயன்படுத்திய தாவரங்களுள் முதன்மையானது லேமியம் என்னும் ஒரு களையாகும். அது லவெண்டரும் துளசியும் அடங்கிய அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. நமது குளங்களை அடைக்கும் ஆகாயத்தாமரையின் கலங்களையும் அவர் சோதித்தார். கலங்கள் சில வாரங்கள் உயிருடன் இருந்தன, பருத்தன, மாப்பொருளையும் சேமித்தன. ஆனால் ஒரு கலமேனும் பிரிந்து இரண்டாகவில்லை.

இத்தோல்விக்கான காரணங்களை இன்று எளிதாகக் கூறலாம். அவர் முதிர்ந்து சிறப்புத்தொழில் பெற்ற கலங்களைத் தெரிந்தெடுத்தார். கலப்பிரிவைத் தூண்டும் ஓமோன்கள் எவையென அன்று எவரும் அறிந்திலர். எனினும் அக்கட்டுரையில் அவர் கூறிவைத்த இரண்டு எதிர்வுகூறல்கள் அதன் தோல்வியை விடப் பெறுமதி வாய்ந்தவை. முளையப்பையிலுள்ள பாயத்தைக் கரைசலிற் சேர்த்துப் பார்க்கலாம் என்பது ஒன்று. சாதாரண உடற்கலத்திலிருந்தும் செயற்கையாக முளையத்தை உருவாக்க ஒருநாள் இயலும் என்பது மற்றொன்று. தான் காணாததைக் கண்டதாக அவர் எழுதவில்லை. காணக்கூடியது என்று தாம் கருதியதைப் பின்வந்தோருக்கு விட்டுச்சென்றார். தோல்வியை ஒளிக்காது வெளியிட்டமையாலேயே அது பிறருக்குப் பயன்பட்டது.

தென்னையின் பங்கு

1922இல் ஹபர்லாண்டின் மாணவரான கொற்றே யேர்மனியிலும், ரொபின்ஸ் அமெரிக்காவிலும், முதிர்ந்த கலங்களை விடுத்து இளம் வேர்நுனிகளைத் தெரிந்தெடுத்துச் சிறிது காலம் வளர்ப்பதில் வெற்றி கண்டனர். 1934இல் அமெரிக்கரான பிலிப் வைற் தக்காளியின் வேர்நுனிகளைத் தொடர்ச்சியாகப் பெருக்கிக் காட்டினார். இதற்கிடையில் ஒல்லாந்தில் வென்ற் என்பவரது ஆய்வுகளால் ஒட்சின் என்னும் வளர்ச்சி ஓமோன் அறியப்பட்டிருந்தது. 1939ஆம் ஆண்டில் மூவர், ஒருவரையொருவர் சாராமல், தாவர இழையத்தை எல்லையின்றி வளர்க்கும் வழியைக் கண்டனர். அமெரிக்காவில் வைற் புகையிலைக் கலப்பினத்தையும், பிரான்சிற் கோதறே, நொபேகூர் ஆகிய இருவரும் கரற் கிழங்கையும் பயன்படுத்தினர். தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்து 1945இல் மறைந்த ஹபர்லாண்ட் இவ்வெற்றிகளின் காலத்தில் உயிருடன் இருந்தார்.

இவ்வாறு வளர்ந்தது முழுச் செடியன்று; வேரும் தண்டும் அற்ற உருவமில்லாக் கலத்திரளேயாகும். காயமுற்ற மரத்தின்மீது தோன்றும் தழும்பை ஒத்த இதனைக் கலசு என்பர். இதிலிருந்து செடியை எழுப்புவது எங்ஙனம் என்பது அடுத்த பிரச்சினையாயிற்று.

இங்கேதான் நமக்கு நன்கு பழக்கமான ஒரு மரம் இவ்வரலாற்றினுள் நுழைகின்றது. 1941இல் வான் ஒவர்பீக்கும் துணைவர்களும் அமெரிக்காவில் ஊமத்தையின் மிக இளைய முளையங்களைத் தேங்காய் நீரின் துணையுடன் வளர்த்தனர். தேங்காய் நீர் என்பது முளையப்பையினுள் உள்ள திரவநிலையான வித்தகவிழையமேயாகும். முளையப்பைப் பாயத்தைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஹபர்லாண்ட் கூறியது இவ்வாறு மெய்யாயிற்று. பின்னர் கோணெல் பல்கலைக்கழகத்தில் ஸ்ருவேட் என்பவர் தேங்காய் நீரில் மிதக்கவிட்ட கரற் கலங்களிலிருந்து முளையம் போன்ற உருவங்களையும், அவற்றிலிருந்து செடிகளையும் பெற்று 1958இல் அறிவித்தார். ஹபர்லாண்டின் மற்றைய எதிர்வுகூறலும் நிறைவேறியது. பிற தாவரங்களின் கலங்களைப் பிரியத் தூண்டிய தென்னை, தானே இழைய வளர்ப்புக்கு எளிதில் இணங்காத மரமாக இருந்து, லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தினர் உட்பட அதனை ஆராய்ந்தோரின் பொறுமையைச் சோதித்து வந்துள்ளமை வியப்புக்குரியது.

தேங்காய் நீரிற் பொதிந்துள்ள தூண்டுபொருள் யாது என்னும் தேடலோடு தொடர்புடைய ஆய்வுகள் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்கூக் என்பவரது ஆய்வுகூடத்தில் நடைபெற்றன. 1955இல் அங்கே கைனற்றின் என்னும் பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. 1957இல் ஸ்கூக்கும் மில்லரும் ஓர் எளிய விதியை வெளியிட்டனர். ஊடகத்தில் ஒட்சின் மிகுந்தால் வேர் தோன்றும்; கைனற்றின் மிகுந்தால் அரும்பு தோன்றும்; இரண்டும் இடைப்பட்ட அளவிலிருந்தால் கலசு கலசாகவே பெருகும். 1962இல் முறாசிகேயும் ஸ்கூக்கும் புகையிலை இழையத்திற்கென வகுத்த உப்புக் கலவை, பின்னர் எண்ணிறந்த தாவரங்களுக்கும் பொதுவான ஊடகமாகியது. பிரான்சில் மொறலும் மாற்றினும் 1952இல் வைரசு நோயுற்ற டேலியாச் செடியின் தண்டு நுனியிலுள்ள பிரியிழையத்தை மட்டும் வெட்டியெடுத்து வளர்த்து, நோயற்ற செடியைப் பெற்றிருந்தனர். நோயுற்ற உடலிலும் நோய் எட்டாத ஒரு நுனி உண்டு என்பதை அவர்கள் நிரூபித்தனர். புரொவான்ஸ் விவசாயியின் தேவைக்குரிய விடை இவ்வாறு பல நாடுகளிற் சிறிது சிறிதாக உருவாகியது.

குடுவைக்குள் லவெண்டர்

லவெண்டர் இனங்களைக் குடுவையிற் பெருக்கும் முறை பற்றிய குறிப்பொன்றைக் குவாசி என்பவர் 1980இல் வெளியிட்டார். 1980களின் பிற்பகுதியில் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவைச் சேர்ந்த கல்வோ, செகுரா ஆகியோர் அகன்ற இலை வகையையும் பிறவற்றையும் விரிவாக ஆராய்ந்தனர். பிரான்சிய ஆய்வாளர் 1999இல் லவாண்டின் இலைத்துண்டுகளிலிருந்து முழுச் செடிகளை எழுப்பிக் காட்டினர். ஒரு கணுவை வெட்டி ஊடகத்தில் இட்டாற் சில வாரங்களிற் பல தளிர்கள் கிளைக்கும். அவற்றைப் பிரித்து மீண்டும் இட்டால் மேலும் பெருகும். நிலமோ பருவமோ இதற்குத் தேவையில்லை.

ஆயினும் குடுவையினுள் ஒரு முரண்பாடு தோன்றியது. மூடிய குடுவையின் காற்று ஈரத்தால் நிறைந்தது. வெல்லம் ஊடகத்திலேயே கிடைப்பதாற் செடிக்குத் தானாக உணவாக்க வேண்டிய கட்டாயமும் குறைவு. இச்சூழலில் இலையின் மேலுள்ள மெழுகுப் படை மெல்லியதாகின்றது. இலைவாய்கள் மூடும் பழக்கத்தை இழக்கின்றன. சிலவேளைகளில் தண்டும் இலையும் நீர் கோத்துப் பளிங்கு போலாகி நொறுங்கும் தன்மையை அடைகின்றன. லவெண்டர் இக்கேட்டிற்கு எளிதில் ஆளாவது. பல்லாயிரம் ஆண்டுகளாக வரட்சியைத் தாங்கி வந்த ஒரு செடி, சில மாதச் சுகவாழ்வின் பின், திறந்த காற்றிற் சில மணி நேரமேனும் நிற்கமாட்டாததாகி விடுகின்றது. எனவே குடுவைச் செடியை நேரே வயலில் நடுவதில்லை. மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்தும், ஈரத்தைப் படிப்படியாகக் குறைத்தும், நிழலிலிருந்து வெயிலுக்கு மெல்ல மாற்றியும் அதனைப் பழக்க வேண்டியுள்ளது. செடியின் பரம்பரையலகுகள் எவ்வித மாற்றமுமின்றி அதனுள் இருக்கின்றன. அவற்றைத் தொழிற்படுத்தும் சூழலே அங்கே இல்லாதது. மலையிற் செடி பெற்றிருந்த வன்மையின் ஒரு பகுதி மலையினாலேயே நாள்தோறும் ஊட்டப்பட்டது என்பதை ஆய்வாளர் இதனால் உணர்ந்தனர்.

வரட்சியை மீண்டும் அழைத்தல்

சூழலை வெளியே நிறுத்திய குடுவைக்குள் சூழலின் கொடுமைகளைத் திட்டமிட்டுப் புகுத்தும் ஆய்வுகள் 1970களிலிருந்து பெருகின. உவர் நிலங்கள் விரிவடைந்தமையும், அடிக்கடி நேர்ந்த வரட்சிகளும் இவ்வாய்வுகளைத் தூண்டின. வயலில் வரட்சியை ஆராய்வது கடினம். ஓர் ஆண்டின் வெயில் மறு ஆண்டின் வெயிலைப் போலிராது. குடுவையிலோ ஒரே ஒரு காரணியை மட்டும் அளந்து கூட்டலாம், குறைக்கலாம்.

உவருக்குச் சோடியம் குளோரைட்டும், வரட்சிக்குப் பொலியெதிலீன் கிளைக்கோல் என்னும் பெரிய மூலக்கூறுகளைக் கொண்ட பொருளும் பயன்படுத்தப்படுகின்றன. பின்னையது கலத்தினுள் எளிதிற் புகாது. வெளியே நின்றவாறே பிரசாரணத்தின் மூலம் நீரைத் தன்பால் இழுத்து, ஈரமான ஊடகத்திலும் கலத்திற்குத் தாகத்தை உண்டாக்குகின்றது. இதன் செறிவுக்கும் பிரசாரண ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை மைக்கலும் கோவ்மனும் 1973இல் அளந்து வகுத்தமை இவ்வாய்வுகளுக்குப் பெருந்துணையாயிற்று. தாகமுற்ற கலம் புரோலீன் முதலிய பொருள்களைத் தன்னுள்ளே சேர்த்து நீரைத் தக்கவைக்க முயலும். 1975இல் மரே நேபர்சும் துணைவர்களும் உவரைத் தாங்கும் புகையிலைக் கலங்களைத் தெரிந்தெடுத்தனர். 1980இல் அவற்றிலிருந்து பெற்ற செடிகளைப் பற்றியும் அறிவித்தனர்.

லவெண்டரும் இத்தகைய சோதனைகளுக்கு உள்ளாகியது. 1983இல் யப்பானிய ஆய்வாளர் லவெண்டரின் பச்சைக் கலசினை உறையவைத்துப் பாதுகாத்து, பின் உருக்கி, அது தன் அனுசேபத் திறனையும் உருப்பெறும் ஆற்றலையும் இழக்கவில்லை எனக் காட்டினர். பல்கேரியாவில் 1990களின் இறுதியிலிருந்து நடந்த ஆய்வுகளில் லவெண்டர்க் கலங்கள் திரவ ஊடகத்தில் வளர்க்கப்பட்டு, அவற்றிலிருந்து றோஸ்மரினிக் அமிலம் பெறப்பட்டது. தாவரம் தன்னைக் காத்துக்கொள்வதற்கென ஆக்கும் பொருள்களுள் இதுவும் ஒன்றாகும். கலத்தை நெருக்கடிக்கு உள்ளாக்கும் தூண்டிகளைச் சேர்த்தபோது இத்தகைய பொருள்களின் ஆக்கம் பெருகுவதும் அறியப்பட்டது.

ஆனால் இவ்வாய்வுகள் இரண்டு வரம்புகளையும் வெளிப்படுத்தின. முதலாவது, கலசு பெரும்பாலும் நறுமண எண்ணெயைத் தருவதில்லை. எண்ணெய்க்கு இருப்பிடமான சுரப்பிகள் உருப்பெற்ற இலையிலும் பூவிலுமே உள்ளன. உருவமற்ற கலத்திரளில் அவை இல்லை. லவெண்டரின் கலம் உண்டு. லவெண்டரின் மணம் இல்லை. இரண்டாவது, கலத்தின் தாங்குதிறன் எப்போதும் செடியின் தாங்குதிறனாக மாறுவதில்லை. உப்பு ஊடகத்திலிருந்து எடுத்தவுடன் தான் பழகிய தாங்குதிறனை இழந்துவிடும் கலங்களும் உண்டு. வரட்சியை வெல்லும் செடி, கலத்தால் மட்டும் அதனை வெல்வதில்லை. ஆழ்ந்து செல்லும் வேரும், நேரமறிந்து மூடும் இலைவாயும், இலையைப் போர்த்த மயிரும் ஒருங்கு சேர்ந்தே அதனை வெல்கின்றன. கலம் உயிரின் அலகு என்பது மெய்யே; ஆயின் செடியின் வாழ்வைக் கலத்தின் வாழ்வாகச் சுருக்கிவிடல் இயலாது.

1981ஆம் ஆண்டு

இவ்வரலாற்றில் 1981ஆம் ஆண்டு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு அவுஸ்திரேலியாவில் லார்க்கின், ஸ்கௌகுறொவ்ற் என்னும் இருவர், இழைய வளர்ப்பிலிருந்து எழும் செடிகள் எப்போதும் தாயின் பிரதிகளாக இருப்பதில்லை என்பதைத் தொகுத்துக் காட்டினர். கலசு நிலையைக் கடந்துவரும் செடிகளில் உயரம், பூக்கும் காலம், நோயெதிர்ப்பு முதலியவற்றில் எதிர்பாராத வேறுபாடுகள் தோன்றுகின்றன என அவர்கள் எடுத்துரைத்தனர். இதனை உடற்கல வேறுபாடு எனலாம். முற்றிலும் ஒரேமாதிரியான செடிகளை வேண்டியோர்க்கு இது குறையாகவே தோன்றியது. புதிய பண்புகளைத் தேடியோர்க்கோ இது ஒரு வாய்ப்பாகியது.

அதே ஆண்டிற் பிரான்சிய அரசாங்கம் மேற்புரொவான்ஸ் லவெண்டர் எண்ணெய்க்குப் பிறப்பிட உரிமைச் சான்று வழங்கியது. அச்சான்றைப் பெறவேண்டுமாயின் செடி எண்ணூறு மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் வளர்தல் வேண்டும். குளோனாக அன்றி, விதையால் முளைத்த உண்மை லவெண்டராகவும் இருத்தல் வேண்டும். ஆயிரம் விதமான செடிகள் ஒரே வாலையிற் கலந்து தரும் மணத்தையே இச்சட்டம் காக்க முற்பட்டது. விஞ்ஞானிகளும் விவசாயிகளும் தத்தம் வழியிற் சென்று, செடிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டின் பெறுமதியை ஒரே ஆண்டில் எடுத்துரைத்தமை தற்செயலாயினும் பொருள் பொதிந்தது. ஒரு காலத்தில் ஏழைகள் மலையேறி அறுத்த, எவரும் பொருட்படுத்தாத கலப்புச் செடிகள், குளோன்களின் வீழ்ச்சிக்குப் பின்னரே பேணத்தக்க செல்வமாகக் கருதப்பட்டன என்பதையும் வரலாற்று மாணவர் கவனித்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இழைய வளர்ப்பை வெறும் வெற்றிக்கதையாகக் கூறுவது முழு உண்மையாகாது என்பது புலனாகும். அதனைத் தேவையாக்கியவற்றுள், வேறுபாடுகளை அகற்றி ஒற்றைச் செடியைப் பல வயல்களில் நிரப்பிய பொருளாதாரமும் ஒன்றாகும். சலவைத் தூளின் விலையும், இயந்திரத்தின் வேகமும், மலைக் கிராமங்களின் வெறுமையும் அப்பொருளாதாரத்தின் பின்னணியாக நின்றன. அது தோற்றுவித்த நோய்க்கு மருந்தாகவே குடுவை வந்தது. நோயற்ற நாற்றுகளைத் தந்து பல குடும்பங்களின் பிழைப்பைக் காக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அதனைக் குறைத்து மதிப்பிடல் நன்றியின்மையாகும். ஆனால் ஒரே குளோனை மீண்டும் மீண்டும் பெருக்கித் தருவதற்கு மட்டும் அது பயன்படுமாயின், அப்ரியாலின் கதை வேறொரு பெயரில் மீண்டும் நிகழக் கூடும். மலைச்சரிவிலுள்ள பலவகைச் செடிகளையும் அழியாது சேமித்து, எதிர்காலத்து வரட்சிகளுக்கு ஏற்றவற்றை அவற்றினின்று தெரிந்தெடுக்க அது பயன்படுமாயின், ஹபர்லாண்ட் கண்ட கனவுக்கு அதுவே தகுந்த நிறைவாகும்.

கால்வாசி நூற்றாண்டு காலச் செல்வாக்கு ஒரு குளோனின் நீண்ட வாழ்வாக நமக்குத் தோன்றலாம். மலையின் கணக்கில் அது ஒரு கணம். வரட்சி வரும், நோய் வரும், எந்தச் செடி தாங்கும் என்பதை முன்கூட்டியே எவராலும் திட்டமாகக் கூற முடியாது. அந்நிலையிற் பல விதமான செடிகளை வைத்திருப்பதே அறிவுடைமை. குடுவையைக் கையாள்வோர்க்கும் வயலை உழுவோர்க்கும் லவெண்டரின் வரலாறு கூறும் செய்தி இதுவேயாகும்.